கடைவீதி மீள வேண்டும், வீடும் பக்கத்திலேயே வேண்டும்: சென்னை மாநகராட்சி மன்றத்தால் என்ன முடியும்?

வால்டாக்ஸ்_வாசி

எங்கள் வார்டில் போன வாரம் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள், மீதிப் பேர் கால்வாய்க்கரையில் குடியிருப்பவர்கள். சாலையில் பள்ளம் தோண்டி வைத்த தகரத் தடுப்பால் வியாபாரம் படுத்துவிட்டது, மாநகராட்சி வளாகத்துக் கடைகளுக்கு வாடகையைக் குறையுங்கள், தொழில் உரிமக் கட்டணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், தடுப்பை எடுத்த கையோடு நடைபாதையையும் விளக்கையும் சரிசெய்து கொடுங்கள் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். கால்வாய்க்கரைக்காரர்கள் கேட்டது ஒன்றுதான். எங்களை எடுப்பதாக இருந்தால் இந்தப் பக்கத்திலேயே வீடு கொடுங்கள்.

கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார். "முதல் கோரிக்கையை மன்றத்தில் பேசுகிறேன். இரண்டாவது என் கையில் இல்லை, அது ஏழைகளுக்கு வீடு கட்டும் அரசு வாரியம் பார்க்கிற வேலை" என்றார். கடைக்காரர்கள் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு இது இரண்டு கோரிக்கையாகவே தெரியவில்லை. கடைவீதியில் மூட்டை தூக்குபவர், டீ கொண்டுவருபவர், கணக்கு எழுதும் பெண், வாசலில் பூ விற்கும் பாட்டி எல்லோரும் அந்தக் கரையிலிருந்துதான் வருகிறார்கள். அவர்களை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிட்டு வாடகையை மட்டும் குறைத்தால் கடைவீதி எப்படி மீளும்? 2016 முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. இப்போது 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அவர்களால் இதில் என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைவீதி_செல்வம்

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பரில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் காய்கறி ஆட்கள் மட்டும் அடிபடவில்லை. அவர்களை நம்பியிருந்த சணல் பை, தராசு, கயிறு விற்கிற நாங்களும் சேர்ந்தே விழுந்தோம். எழுந்து நிற்கும் நேரத்தில், 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கு 150 சதவீதம். கட்டட உரிமையாளர் அதைத் தன் பையிலிருந்து கட்டுவாரா? வாடகையில் ஏற்றுவார். அதன் பிறகு பள்ளம், தகரத் தடுப்பு.

மன்றத்திடம் இருக்கும் பணம் குறைவு. அதை வீடு கட்டுவதில் போட்டால் தெருவிளக்குக்கு இருக்காது. ஏழைகளுக்கு வீடு கட்ட அரசு தனி வாரியம் வைத்திருக்கிறது. அந்தச் செலவை எங்கள் வரியிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கல் நெஞ்சக்காரன் என்று நினைக்க வேண்டாம், எனக்கும் ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பொறுப்பு இருக்கிறது.

முன்னாள்_நகரமைப்பு

வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கவுன்சிலர் தட்டிக்கழிக்கவில்லை. சென்னையில் அதிகாரம் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அது மாநில அரசின் கீழ் இருக்கிறது. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டம், பெரிய கட்டடங்களுக்கு அனுமதி ஆகியவை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். மாநகராட்சியிடம் இருப்பது சொத்து வரி, தொழில் உரிமம், வணிக வளாகங்கள், சாலை, விளக்கு, குப்பை. நடைபாதை வியாபாரிகளுக்கான நகர விற்பனைக் குழுவுக்குக்கூட ஆணையர்தான் தலைவர், மேயர் அல்ல.

அரசியல் சாசனம் சொல்வது வேறு. 74-வது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகரத் திட்டமிடல், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு மூன்றும் உள்ளாட்சிக்கு உரிய பணிகளாக இருக்கின்றன. கொடுப்பதா வேண்டாமா என்பதை மாநிலச் சட்டத்துக்கு விட்டுவிட்டதால் முப்பது வருடமாக அது ஏட்டில் இருக்கிறது. ஆட்சிகள் மாறின, இது மாறவில்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், கடையையும் வீட்டையும் ஒரே மேசையில் வைத்து யோசிக்கிற இடமே இல்லை. ஓர் அலுவலகம் கால்வாய் அகலப்படுத்தக் கணக்கெடுக்கும். இன்னோர் அலுவலகம் நிலம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வீடு கட்டும். மூன்றாவது அலுவலகம் கடைவீதியில் வாடகை பாக்கி ஏன் ஏறுகிறது என்று கேட்டுக் கடிதம் எழுதும். மூன்றும் ஒரே குடும்பத்தைப் பற்றியதாக இருக்கும், மூன்று கோப்பும் ஒன்றையொன்று பார்க்காது.

செல்வம் சொன்ன ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். மன்றம் சொந்தப் பணத்தில் வீடு கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிலம், தீர்மானம், நேரம், இந்த மூன்றும் மன்றத்திடம் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏழாம்_மாடி

நான் பெரும்பாக்கத்தில் இருந்து எழுதுகிறேன், கரையோரக் குடும்பங்களை அனுப்பிவைத்த புறநகர் வாரியக் குடியிருப்பு. வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், எழுத மாட்டேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா கூவம் கரையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், இட்லிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டு வாசல்தான். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு. முதலில் மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் வருவார்கள், அப்புறம் ஆட்டோக்காரர்கள், எட்டு மணிக்கு மேல் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைப் பையன்கள். பத்து மணிக்குச் சட்டியைக் கழுவிவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு முடிந்தது. தண்டல்காரரிடம் வாங்கின பணத்துக்கு மாலையில் அன்றைய தவணையைக் கொடுத்துவிடுவார். கணக்குப் புத்தகம் கிடையாது. யார் எத்தனை இட்லி கடன் என்பது மனதில் இருக்கும்.

இங்கே வந்த பிறகு வீடு நல்ல வீடு. சுவர் இருக்கிறது, கழிப்பறை உள்ளே இருக்கிறது, மழைக்கு ஒழுகவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா இட்லி போட்டால் யார் வாங்குவார்கள்? இந்தக் குடியிருப்பில் இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். எல்லா வீட்டிலும் எங்களைப் போலவே வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். பக்கத்து வீட்டு அக்காவும் இட்லி போடுகிறார், எதிர் வீட்டு அண்ணன் போண்டா போடுகிறார். வாங்குவதற்கு வெளியாள் வர வேண்டும், வெளியாள் வர இங்கே மார்க்கெட் கிடையாது, பட்டறை கிடையாது. ஏழாவது மாடியில் அடுப்பு வைத்தால் கீழே இருப்பவருக்கு வாசனைகூட வராது. லிப்ட் நின்றுபோனால் மாவு டின்னை யார் தூக்குவது?

கொஞ்ச நாள் அம்மா பழைய இடத்துக்கே பஸ்ஸில் போய்ப் பார்த்தார். நான்கு மணி அடுப்புக்கு இங்கேயிருந்து எப்போது கிளம்புவது? முதல் பஸ் வருவதற்குள் அங்கே ஆட்டோக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மாதச் சம்பளம் வருகிறது, ஆனால் கையில் காசு புரளவில்லை. முன்பு அவர் முதலாளி. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். எங்களைப் போன்றவர்களை அனுப்பிய இன்னொரு குடியிருப்பான கண்ணகி நகர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது, அங்கே கவுன்சிலர் உண்டு. பெரும்பாக்கம் ஊராட்சி. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவரை மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு இருந்தது. வீட்டோடு சேர்த்து அதுவும் போய்விட்டது. மன்றம் என்ன செய்யலாம் என்று இங்கே பேசுகிறீர்கள். எங்களைப் பற்றிப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்?

கடைவீதி_செல்வம்

அம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவர்களும் இப்படித்தான் போனார்கள். காலை ஆறு மணிக்கு லாரி வரும்போது ஆள் வேண்டும். வீடு பக்கத்தில் இருந்தவரை ஒரு போன் போட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போது லாரி நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் காத்திருப்புக் கூலி கொடுக்கிறேன். வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் சொத்து வரி உயர்வைவிட அது கம்மி இல்லை. என் சங்கத்தில் இதை யாரும் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அடையாறு_கரை

எல்லோரும் ஒரே பக்கமாகப் போகிறீர்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரையில் தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தவன் நான். ராத்திரியில் வீட்டோடு அடித்துக்கொண்டு போனது. ஆற்றின் விளிம்பில் மனிதர்கள் குடியிருப்பது அவர்களுக்கே ஆபத்து. "இதே இடத்தில் வீடு" என்ற கோஷத்தைக் கரையோரத்துக்கும் நீட்டினால் அடுத்த வெள்ளத்தில் அந்தக் குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

பழைய வாரியக் கட்டடங்களை இடித்து அதே இடத்தில் கட்டுவது வேறு. ஆற்றுப் படுகை வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

முன்னாள்_நகரமைப்பு

அடையாறு_கரை சொல்வது சரி. படுகையில் கட்டக் கூடாது. ஆனால் ஆற்றிலிருந்து எடுப்பதற்கும் ஊரிலிருந்து எடுப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கொடுத்தால் ஏழாம்_மாடியின் அம்மா இன்றைக்கும் நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைக்கலாம். 2015-க்குப் பிறகு கூவம், அடையாறு கரைக் குடும்பங்களை அவசரமாகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதற்குக் காரணம், அங்கே வீடுகள் கட்டித் தயாராக இருந்தன என்பதுதான். ஊருக்குள் தயாராக ஒன்றும் இல்லை. பேரிடர் வந்த பிறகு தேடினால் காலியாக இருக்கிற இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் முன்கூட்டியே இடம் பார்த்துவைப்பது மன்றத்தின் வேலையாக வேண்டும் என்கிறேன்.

பட்டினப்பாக்கம்_பாபு

நொச்சிக்குப்பத்தைப் பார்த்தால் இந்த விவாதத்துக்குப் பாதி விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மெரினா லூப் சாலையில் மீன் விற்பவர்கள் அந்தக் குப்பத்துக்காரர்களே. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, மாநகராட்சி சாலையோரக் கடைகளை எடுக்கத் தொடங்கியது. பெண்கள் படகையும் கூடையையும் குறுக்கே வைத்து மறியல் செய்தார்கள். வாதம் எளிமையானது. இந்தச் சாலை வருவதற்கு முன்பே எங்கள் கடற்கரை இருந்தது.

அப்புறம் நடந்தது என்ன? பக்கத்திலேயே மாநகராட்சி ஒரு மீன் அங்காடி கட்டியது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், சுமார் 360 கடைகள். குறைகள் உண்டு. சாலையோரம் வண்டியை நிறுத்தி வாங்கிய ஆட்கள் உள்ளே இறங்கி வரத் தயங்குகிறார்கள், எந்த வரிசையில் கடை கிடைத்தது என்பதில் மனத்தாங்கல். ஆனால் ஒன்றை மறக்க முடியாது. மீன் விற்கிற பெண் அங்காடியிலிருந்து தன் வீட்டு வாரியக் குடியிருப்புக்கு நடந்து போகிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாவி வாங்க அங்காடிக்கு வருகிறது. வீடு அங்கேயே இருந்ததால்தான் மாநகராட்சிக்கு அங்காடி பற்றிப் பேச எதிரே ஒரு கூட்டமே இருந்தது. வீட்டை முதலில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தால் அங்காடிக்கே தேவை வந்திருக்காது, வியாபாரம் சத்தமில்லாமல் முடிந்திருக்கும்.

வால்டாக்ஸ்_வாசி

பாபு அண்ணா, நன்றி. இந்த உதாரணத்தைக் கவுன்சிலரிடம் சொல்ல வேண்டும். ஏழாம்_மாடி அக்கா, உங்கள் பதிவை அச்செடுத்துக் கூட்டத்தில் படிக்கலாமா?

சார், நிலம், தீர்மானம், நேரம் என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்.

முன்னாள்_நகரமைப்பு

நிலம்: மாநகராட்சிக்குச் சொந்தமான ஒற்றை மாடி, இரட்டை மாடி வணிக வளாகங்கள் ஊருக்குள் நல்ல இடங்களில் இருக்கின்றன. சில பழுதடைந்து பாதி காலியாகக் கிடக்கின்றன. கீழே கடைகளை அப்படியே வைத்து, மேலே குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்ட வாரியத்தோடு ஒப்பந்தம் போடலாம். விற்பனை வீடு வேண்டாம், வாடகை வீடு. விற்றால் பத்து வருடத்தில் கைமாறிவிடும். பூங்காவுக்கு ஒதுக்கிய திறந்தவெளி நிலத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

வேலைக்குப் பக்கத்தில் வாடகைக் குடியிருப்பு நம்மால் கட்ட முடியாத ஒன்று அல்ல. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் குடியிருப்பு கட்டி 2024-ல் திறந்தது. தொழிற்சாலைக்கு ஆள் பக்கத்தில் வேண்டும் என்பது அரசுக்குப் புரிந்திருக்கிறது. கடைவீதிக்கும் அதே தேவை உண்டு. கடைவீதிக்குக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தீர்மானம்: மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். கட்டாயப்படுத்தாது, ஆனால் பதிவேட்டில் ஏறும், வாரியம் பதில் சொல்ல வேண்டிவரும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் எல்லைக்குள் அது எங்கே நடந்தது, எந்த நிலம் அப்படிக் கிடைத்தது என்று கேள்வி நேரத்தில் கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

நேரம்: இதைத்தான் யாரும் பேசுவதில்லை. பழைய குடியிருப்பை இடித்துத் திரும்பக் கட்டும் காலத்தில் வெளியே தங்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தருகிறார்கள், முன்பு 8,000 தான். கட்டி முடிக்கப் பதினெட்டு மாதம் ஆனால் மாதத்துக்கு 1,333 ரூபாய். ஊருக்குள் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும்? அட்வான்ஸுக்கே போதாது. குடும்பம் புறநகருக்குப் போகும், பிள்ளை பள்ளி மாறும், கடையில் வேலை போகும். கட்டி முடித்துத் திரும்பி வரும்போது வாடிக்கை எல்லாம் கலைந்திருக்கும். இந்த இடைக்காலத் தொகையை அந்தப் பகுதி வாடகையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று மன்றம் கேட்கலாம்.

கடைவீதி_செல்வம்

மேலே வீடு, கீழே கடை. காகிதத்தில் அழகாக இருக்கிறது சார். ஆனால் கட்டுவதற்குக் கடையை மூட வேண்டுமே. எத்தனை வருடம்? பாண்டி பஜாரில் 2013-ல் நடைபாதை வியாபாரிகளை அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். மாடி ஏறி ஹேர்பின் வாங்க யார் வருவார்கள் என்று அவர்கள் அன்றைக்கே கேட்டார்கள். தெருவில் ஓடிய வியாபாரம் மாடியில் ஓடவில்லை. 2019-ல் கீழே அழகான நடைபாதை வளாகம் திறந்தார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, மாடியில் இருந்தவர்களுக்கு அதில் என்ன பங்கு?

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அந்த வியாபாரிகள் என்ன ஆனார்கள் என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "தற்காலிகமாக" என்று சொல்லி ஒரு கடையை நகர்த்தினால் திரும்பி வருவது அபூர்வம். அதனால் கட்டடம் எழும்பும்வரை எங்களுக்கு அதே தெருவில் மாற்று இடம், அதுவும் எழுத்தில். இல்லாவிட்டால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

சட்டம்_படிக்கிறேன்

நடைபாதை வியாபாரிகளுக்கு இதில் ஓரளவு சட்டமே பாதுகாப்புத் தருகிறது. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு. ஐம்பது வருடத்துக்கு மேல் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து மாற்றக் கூடாது. விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும்.

கடைக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வீட்டு வாசலில் இட்லி போடுகிறவருக்கும் பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் கணக்கெடுப்பில் அவர் வியாபாரியாக வருவதே இல்லை, குடியிருப்பவராக மட்டும் வருகிறார். 2020-ல் பத்தாயிரம் ரூபாய் கடன் திட்டம் வந்தபோது வியாபாரி என்று நிரூபிக்க அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். வாசல் கடைக்காரர்களில் எத்தனை பேரிடம் அது இருந்திருக்கும்? அப்புறப்படுத்தும் முன் எடுக்கும் கணக்கில் "இந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், நிலைமை மாறும்.

ஏழாம்_மாடி

தாராளமாகப் படியுங்கள் தம்பி. சட்டம் படிக்கிறவர் சொன்ன அந்தக் கட்டத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். எங்களிடம் கணக்கெடுக்க வந்தவர் ரேஷன் கார்டு, ஆதார், எத்தனை பேர் என்று கேட்டார். அம்மா இட்லி ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார். அவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். தாளில் தொழில் என்ற இடமே இல்லை.

செல்வம் அண்ணா கேட்பதும் நியாயம். எங்களுக்கு நடந்தது கடைக்காரர்களுக்கும் நடக்கக் கூடாது.

வால்டாக்ஸ்_வாசி

இதுவரை பேசியதை வைத்து மனு எழுதியிருக்கிறேன். சுருக்கமாக:

கால்வாய்க்கரைக் கணக்கெடுப்பில் வீட்டோடு நடக்கும் தொழிலையும் பதிய வேண்டும். மாற்று வீடு அதே மண்டலத்துக்குள் தர வேண்டும், ஆற்றுப் படுகையில் அல்ல. நம் வார்டு வணிக வளாகத்தை மேலே வாடகைக் குடியிருப்போடு புதுப்பிக்க முடியுமா என்று பார்க்க மன்றம் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கடைகளுக்கு அதே தெருவில் இடைக்கால இடம் எழுத்தில் தர வேண்டும். தடுப்பு இருக்கும் காலத்துக்கு வளாக வாடகையைக் குறைக்க வேண்டும்.

அடையாறு_கரை

"படுகையில் அல்ல" என்று போட்டதற்கு நன்றி. நான் கையெழுத்துப் போடுகிறேன். மாடிக் குடியிருப்பில் எத்தனை மாடி என்பதற்கும் ஒரு வரம்பு எழுதுங்கள். லிப்ட் பராமரிக்க முடியாத உயரத்தில் கட்டினால் ஏழாம்_மாடி சொன்ன கஷ்டம் ஊருக்குள்ளும் வரும்.

கடைவீதி_செல்வம்

"கடையை மூடும் முன்பே இடைக்கால இடம் தயாராக வேண்டும்" என்று மாற்றுங்கள். "தரப்படும்" என்று மட்டும் இருந்தால் எங்கள் சங்கத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். அப்படி மாற்றினால் நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன். வாடகைக் குடியிருப்பு பற்றி எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. பராமரிப்பை யார் பார்ப்பது என்று தெளிவாகும்வரை அந்த வரிக்கு மட்டும் என் ஆதரவு கிடையாது, மற்றதுக்கு உண்டு.

வால்டாக்ஸ்_வாசி

இரண்டையும் மாற்றிவிட்டேன். பராமரிப்பு பற்றிய உங்கள் மறுப்பையும் மனுவிலேயே குறித்திருக்கிறேன் அண்ணா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வளாகத்துப் படிக்கட்டில் இருப்பேன், வருகிறவர்கள் வரலாம்.

முன்னாள்_நகரமைப்பு

கவுன்சிலரிடம் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். வாடகைக் குறைப்புக் கோரிக்கை, வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவுக்குப் போகும், வளாகம் புதுப்பிப்பு நகரமைப்பு நிலைக்குழுவுக்குப் போகும். இரண்டு குழுவுக்கும் முழு மனுவையே கொடுங்கள், பிரித்துக் கொடுத்தால் பழையபடி இரண்டு கோப்பாகிவிடும். மண்டல அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்துத் தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.